ரெண்டுங்கெட்டான் நாடுகள்

முகத்தில் சோப்பு நுரையோடு நின்றபோதுதான் அவளுக்கு ரஷ்யா நினைவுக்கு வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூடிக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. குழாயைத் தடவித் திறந்து, தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, பாதி நுரை கழுத்தில் வழிய வெளியே ஓடி வந்தாள். கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரஷ்யாவ அப்படியே விட்டுட்டேன்," என்றாள்.

"ரஷ்யா எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல முகத்தத் தொடை."

"துருக்கி, எகிப்து எல்லாத்தையும்தான் விட்டுட்டேன். அச்சுக்குப் போயிடுச்சு. விளையாடாதீங்க, எனக்கு வேலை போயிடும்."

அவன் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. பிள்ளை பெற்று, வளர்த்து, பள்ளிக்கு அனுப்பி, பல வருடங்கள் வீட்டோடு இருந்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். நேற்று கஜகஸ்தானைப் பற்றி அவள் பேசியதில் குழம்பு ஆறியே போனது. அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

அவள் வேலை பார்ப்பது குழந்தைகளுக்கான படிப்புச் சீட்டுகள் போடும் சின்னப் பதிப்பகத்தில். எழுதுவது, பக்கம் அமைப்பது, பிழை பார்ப்பது, அச்சகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவள்தான். தன் பிழையைத் தானே பார்ப்பது தன் முதுகைத் தானே சொறிவது மாதிரி. எட்டாத இடம் எப்படியும் ஒன்று இருக்கும். விலங்குச் சீட்டுகளில் கழுதைப் படத்துக்குக் கீழே குதிரை என்று வந்தது அப்படித்தான். அப்போது மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவ இப்படின்னா நான் யோசிக்க வேண்டி வரும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தத் துடைப்பு இன்னும் அவள் கண்ணிலேயே இருந்தது.

இப்போதைய கட்டு உலக நாடுகள். ஒரு நாட்டுக்கு ஒரு சீட்டு, மேலே கண்டத்தின் பெயர், கண்டத்துக்கு ஒரு நிறத்தில் பட்டை. பெட்டிக்குள்ளும் கண்டத்துக்கு ஒன்றாக அறைகள். அண்டார்டிகாவுக்குப் போட நாடே கிடையாது என்பதால் அந்த அறைக்கு ஒரு பென்குயின் சீட்டைப் போட்டுச் சமாளித்தாள். நாடில்லாத கண்டத்தைச் சமாளித்துவிடலாம். இரண்டு கண்டத்தில் காலை வைத்திருக்கும் நாட்டை என்ன செய்வது?

"ஒரு சீட்டு, ஒரு கண்டம். பிள்ளைங்களக் குழப்பாத," என்று மேடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார் ஒருவரின் போன் எண்ணையும் கொடுத்திருந்தார். அவரோ, ரஷ்யா ஐரோப்பா என்றார், தலைநகரம் அங்கே இருப்பதால். துருக்கி ஆசியா என்றார், நிலத்தில் பெரும்பகுதி அங்கே இருப்பதால்.

"நிலத்தப் பாத்தா ரஷ்யாவும் ஆசியாதான சார்?" என்று இவள் கேட்டாள்.

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கம்மா," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

எகிப்து ஆப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு சினாயை ஆசியாவில் நீட்டியிருந்தது. இந்தோனேசியா கிழக்குக் கோடியில் ஓசியானியாவுக்குள் போயிருந்தது. ஜார்ஜியாவும் அஜர்பைஜானும் ஒரு புத்தகத்தில் ஆசியா, இன்னொன்றில் ஐரோப்பா. அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம் என்று அவற்றையெல்லாம் கடைசித் தாளில் ஒதுக்கி, சாம்பல் நிறப் பட்டை போட்டு, கண்டம் என்ற இடத்தில் கைக்கு வந்ததைத் தட்டிவைத்தாள். கைக்கு வந்த சொல்: ரெண்டுங்கெட்டான். சின்ன வயதில் அவளுடைய அத்தை அவளை அப்படித்தான் கூப்பிடுவார். படிப்பிலும் பாதி, வீட்டு வேலையிலும் பாதி என்று. அதற்குள் சீட்டு வாங்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அவசரம் வந்தது, மேடம் அவசரப்படுத்தினார், கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. உலகப் படத்தில் கால்வாசியை ரெண்டுங்கெட்டான் என்று திட்டி அச்சுக்கு அனுப்பிய ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

வழியெல்லாம் அச்சகத்துக்குப் போன் அடித்தாள். மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? "இன்னும் ஓட்டியிருக்க மாட்டாங்க," என்று கணவன் முன்னாலிருந்து கத்தினான். அவன் வேலை மின்விசிறி பழுது பார்ப்பது. அச்சுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவன் அப்படிச் சொன்னது அந்த நேரத்துக்கு வேண்டியிருந்தது.

ஓட்டியிருந்தார்கள். மெஷின் நின்று, தாள்கள் அடுக்கடுக்காக மேசை உயரத்துக்கு இருந்தன. மை வாசம் மூக்கில் ஏறியது. மெஷின் அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாம்மா. நாங்க படிக்கும்போது ஏழு கண்டம்தான். இப்ப புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க போல."

அவள் மேல் தாளைப் பார்த்தாள். ரஷ்யா, கண்டம்: ரெண்டுங்கெட்டான். துருக்கி, கண்டம்: ரெண்டுங்கெட்டான். எழுத்து அத்தனை தெளிவாக, அத்தனை அழகாக விழுந்திருந்தது. பக்கத்திலிருந்த காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிண்டலுக்கு அப்படிப் போட்டீங்கன்னு நெனச்சேன்மா," அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "சரி விடுங்க. இந்தத் தாள்ல மை சிந்திடுச்சு, திரும்ப ஓட்டணும்னு நான் சொல்லிடறேன். மேடம் என்னைத்தான் திட்டுவாங்க. எனக்குப் பழக்கம்தான்."

ஒரு நிமிடம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு வராது. முகமே காட்டிக் கொடுத்துவிடும். அதோடு, திரும்ப ஓட்டுவதென்றால் அந்த இடத்தில் என்ன போடுவது? அது இப்போதும் அவளுக்குத் தெரியாது. அவளே மேடத்துக்குப் போன் செய்து வரச் சொன்னாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பின் சாண் என்ன, முழம் என்ன.

மேடம் வந்து தாளைக் கையில் எடுத்துப் படித்தார். முதலிலிருந்து கடைசிவரை, ஒவ்வொரு சீட்டாக. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எகிப்து எவ்வளவு பழைய நாடு," என்றார் மேடம். "அதப் போய்."

அவள் கண்ணைத் திறந்தாள். மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. மெஷின் அண்ணனும் சேர்ந்துகொண்டார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் பேச்சாக வந்துவிட்டது.

"நீங்கதான் ஒரு சீட்டுக்கு ஒரு கண்டம்னு சொன்னீங்க மேடம். அதுங்க அப்படி இல்ல. தலைநகரத்தப் பாத்தா ஒண்ணு வருது, நிலத்தப் பாத்தா இன்னொண்ணு வருது. பொய்யா ஒண்ணப் போட எனக்கு மனசு வரல. அதான் தள்ளித் தள்ளி வெச்சேன். மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"அதுக்கு ரெண்டுங்கெட்டான்னா அர்த்தம்?" மேடம் கண்ணைத் துடைத்தார். "ரெண்டும் கெட்டாத்தான் ரெண்டுங்கெட்டான். இதுங்களுக்கு எது கெட்டுச்சு? ரெண்டும் இருக்கு."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். பிறகு தாளை மேசையில் போட்டார்.

"ரெண்டையும் போடு. பட்டையப் பாதிப் பாதியா ரெண்டு நிறம் பண்ணு. ஒரு தாள்தானே, இப்பவே திரும்ப ஓட்டட்டும்."

"துருக்கிக்கு ஐரோப்பாவுல கொஞ்சம்தான் மேடம். பாதி போடலாமா?"

"அளக்க ஆரம்பிச்சா நீ நாளைக்கும் இங்கதான் உக்காந்திருப்ப. பாதிப் பாதி." வாசல்வரை போய்த் திரும்பினார். "அடுத்ததுலேருந்து அச்சுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ காட்டு. இந்தத் தப்புத் தாள்ல ஒண்ண எனக்குச் சுருட்டிக் கொடுங்க. அந்த வாத்தியாருக்கு அனுப்பணும்."

அடுத்தது. அவள் அந்தச் சொல்லைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே ஓடிப் போய், வண்டி மேல் சாய்ந்து நின்றிருந்த கணவனிடம், "அடுத்ததாம்!" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு தன் மின்விசிறிகளைப் பார்க்கப் போனான்.

அச்சகத்துக் கணினியிலேயே உட்கார்ந்து அவள் பட்டைகளை மாற்றினாள். ரஷ்யாவுக்கு நீலமும் மஞ்சளும். எகிப்துக்குப் பச்சையும் மஞ்சளும். இத்தனை நாள் இழுத்தடித்தது தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் புதுத் தாள் ஓடி, காய்ந்து, வெட்டி, பெட்டியில் போடும் மேசைக்கு வந்தது. அடுக்கும் பெண் கையைப் பார்க்காமலே சீட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தாள்: நீலம் நீல அறைக்கு, பச்சை பச்சை அறைக்கு. ரஷ்யா வந்ததும் கை நின்றது.

"அக்கா, இத எந்த அறையில போட?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். மேடத்தைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். அறைகளுக்கு நடுவே மெல்லிய அட்டைத் தடுப்புகள். சீட்டுகள் எல்லாம் தடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அவள் ரஷ்யாவை வாங்கி, நீல அறைக்கும் மஞ்சள் அறைக்கும் பொதுவாகத் தடுப்பின் மேல் படுக்கவைத்தாள். பக்கத்தில் துருக்கியை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவிலிருந்த தடுப்பில் எகிப்தை. பாலம் போட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன.

அடுக்கும் பெண் சந்தேகத்தோடு மூடியை எடுத்து மேலே வைத்து, மெதுவாக அழுத்தினாள்.

"மூடுதுக்கா," என்றாள்.