அகழிக்குள்ள என்ர பிள்ளை

நான் பயந்தாங்கொள்ளிதான், ஒத்துக்கொள்ளுறன். நவம்பரில எங்கட ஹில்ஸ்பரோ முழுக்க கை ஃபோக்ஸ் நாளெண்டு வாணம் விடேக்க நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு இருப்பன். அதால நான் பயந்தால் என்ர மகள் நிருஜாவுக்குச் சிரிப்பு.

அண்டைக்கும் சிரிச்சாள். டான்யூப் ஆத்தங்கரையில ரோமர் எல்லைக் காவலுக்குக் கட்டின பழைய கோட்டை ஒண்டைத் தோண்ட, யூனிவர்சிட்டியால போயிருந்தவள். நாங்கள் உலகத்தின்ர மற்றப் பக்கம்; அவளுக்குக் காலமை, எனக்கு இராச்சாப்பாட்டு நேரம். என்ர மனுசன் மங்கரே எயார்போட்டில கார்கோ வேலையில. கோட்டை அகழிக்குள்ள குந்தியிருந்து வீடியோ கோல் எடுத்தாள்.

"மம், லுக்! ரோமன் ஹெல்மெட்! ஐ ஃபவுண்ட் இட்!"

மண்ணுக்குள்ள துருப்பிடிச்ச உருண்டை ஒண்டு. பக்கத்தில இலை இலையாய் மெல்லிய தகடு. அது கன்னத்தை மூடுற தகடாம். மேற்பார்வைக்காரி கமெரா எடுத்துவரப் போயிட்டாவாம், வந்ததும் தூக்குவினமாம். சொல்லிச் சொல்லி மண் தோண்டுற கரண்டியால சுத்திவரச் சுரண்டுறாள்.

நான் குசினி அடுப்பை நிப்பாட்டிப்போட்டுப் போனுக்குக் கிட்டப் போனன். அந்தத் தகடு செல்லின்ர, அந்தக் குண்டின்ர, வால். வன்னியில சண்டைக்குள்ள இருக்கேக்க எத்தினை கண்டிருப்பன்!

"எடி, கையை எடு! அது வெடிக்காத செல்லடி!"

"மம், ப்ளீஸ். இட்ஸ் டூ தௌசண்ட் இயர்ஸ் ஓல்ட்."

"கோட்டைதானே பழசு! ரோமர் நல்ல இடமெண்டு பிடிச்ச மேட்டைப் பிறகு சண்டைக்கு வந்த ஆமிக்காரர் சும்மா விட்டிருப்பாங்களே?"

சிரிச்சாள். கரண்டி நிக்கேல்லை. கிர் கிர் எண்டு என்ர குசினிக்குள்ள கேக்குது. கடவுளே, இவளுக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துறது? இவள் பிறந்து இருபத்திரண்டு வருசமா நானும் தேப்பனும் இவளுக்கு வாய் திறக்காததைச் சொன்னன்.

"உனக்கொரு அண்ணா இருந்தவன். ஆறு வயசு. வளவுக்குள்ள இதே மாதிரி ஒண்டைக் கண்டெடுத்து, விளையாட்டுச் சாமானெண்டு கல்லால தட்டினவன்."

கரண்டி நிண்டுது.

"மெல்ல எழும்பு பிள்ளை. வந்த காலடியிலயே கால் வைச்சுப் போ."

படம் ஆடிச்சுது. வானம், புல்லு, அவளின்ர மூச்சு. எல்லாரையும் ஓடச் சொல்லிக் கத்தினாள். பிறகு லைன் அறுந்துது. எத்தினை தரம் எடுத்தும் அவள் தூக்கேல்லை.

ஒரு மணித்தியாலத்தால அவளே எடுத்தாள். செல்தானாம். ஆமிக்காரர் வந்து நாடா கட்டிப்போட்டினமாம். என்னோட இங்கிலிசிலயே கதைக்கிற பிள்ளை, தமிழில கேட்டாள்.

"அண்ணாக்கு என்ன பேர்?"

"பிரதாபன்," எண்டன். 'அண்ணா தட்டேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள் அம்மா?' எண்டு அடுத்துக் கேட்டிடுவாளோ எண்டு பயந்து, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.