செதில்: இல்லை

கூடாரத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சைகல், பாதியில் சட்டென்று திரும்பினாள். அப்பன் செத்த வீட்டில் மகள் அப்படித் திரும்பக்கூடாதுதான். ஆனால் பிணத்தைக் குளிப்பாட்ட வெந்நீரோடு மம்பெத் சித்தப்பா திரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். விட்டால் மதியத்துக்குள் மண் மூடிவிடும்.

“சித்தப்பா, அப்பா விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குடுங்க.”

“கிறுக்கா உனக்கு? செத்த உடம்புல ஊசி குத்துறதா? உசுரோட இருக்கறப்பவே கேக்க வேண்டியதுதானே!”

“ஏழு மாசமாக் கேட்டேன். நாளைக்கு நாளைக்குன்னே ஏமாத்திட்டாரு.”

அவர் வெந்நீரோடு திரைக்குள் போய்விட்டார்.

அப்பா துருஸ்பெக்கும் சைகலும் இஸிக்குல் ஏரிக்கரை மீன் ஆய்வு நிலையத்தில்தான் வேலை பார்த்தார்கள். அவருக்கு வாயில் நாலே பல், தலையில் பூனைமுடி, எந்த வெயிலிலும் வியர்க்காது. ஏரியின் ஒஸ்மான் மீனுக்கோ செதிலே கிடையாது. “மீனுக்குச் செதில் முளைக்க வைக்கிற மரபணுதான் நமக்குப் பல்லும் முடியும் வேர்வையும் குடுக்குது. நானும் ஒஸ்மானும் பங்காளிங்க” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார் மனுஷன். சைகலின் மகன் எல்தாருக்கும் பல் முளைக்கவில்லை, வியர்க்கவில்லை, வெயிலில் உடம்பு கொதித்து வலிப்பு வந்தது என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. குழந்தையின் ரத்தத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுதான் காரணமா? தாத்தாவிடமும் அதுவே இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சைகலின் வயிற்றில் இப்போது இன்னொரு குழந்தை; அதற்கும் இது வருமா என்று தெரிந்தாக வேண்டும்.

குளிப்பாட்டியவர்களுக்குச் செத்தவரின் துணிகளைப் பங்கிட்டார்கள். மம்பெத்துக்கு வெள்ளைக் கோட்டு. சற்று நேரத்தில் அவர் குனிந்து சைகலின் மடியில் ஓர் உறையை வைத்தார்.

“கோட்டுப் பையில கிடந்துச்சு கண்ணு. உன் பேரு போட்டிருக்கு.”

உள்ளே வடிதாள். அதில் காய்ந்த ரத்தம், நாலு பொட்டு. கூடவே நிலையத்தில் பிடித்த மீனுக்கு எழுதிவைக்கும் விவரச் சீட்டு ஒன்று, அப்பாவின் கையெழுத்தில்:

இனம்: ஒஸ்மான், கரையில் வசிப்பது. எடை: எழுபத்தொரு கிலோ. பல்: நாலு. செதில்: இல்லை.

சிரித்துவிட்டாள். பக்கத்திலிருந்த அத்தை முழங்கையால் இடித்தாள்.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தாள். எல்தாருக்கு முதல் வலிப்பு வந்த அன்று, அவள் கேட்பதற்கும் முன்பே. உறையின் ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. பாவி மனுஷன், கொடுக்க மனசு வராமல் ஏழு மாதத்துக்கும் மேலாக நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

சைகல் சுவர்ப்பக்கம் திரும்பினாள். தன் கண்ணீர் ஒரு சொட்டும் தாளில் பட்டுவிடாதபடி, கையை எட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.