ஐந்தாவது கூட்டுப்புழு

குழாய் பதிக்க வந்தவர் மண்வெட்டியோடு காத்து நிற்க, தையல்காரி தக்காளிப் பாத்தியில் மண்டியிட்டு விரலால் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் ஐந்து பச்சைப் புழுக்கள் செடிகளை மொட்டையடித்துவிட்டு மண்ணுக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள். நான்கு கூட்டுப்புழுக்கள் கிடைத்து, ஈரமண் பரப்பிய பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. ஐந்தாவதைக் காணோம்.

“வெயில் ஏறுதுக்கா. செடியைத் தின்ன புழுவுக்கா இந்தப் பாடு?”

“தின்னா தின்னுட்டுப் போகுது. ஒரே நிமிஷம் தம்பி.”

அந்த நிமிஷம் அரைமணி ஆனது. பொறுமையிழந்து அவர் ஓரத்தில் வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் புரண்ட மண்ணைக் கிளறிப் பார்த்தாள். மூன்றாவது வெட்டில் அவரே நிறுத்தி, பழுப்பாக எதையோ எடுத்து நீட்டினார்.

“இதுவா பாருங்க.”

முன்பக்கம் கூஜாவின் கைப்பிடி போல வளைந்த குழல் இருந்தது.

“இதேதான்! இனி இது பருந்து அந்துப்பூச்சியா, பெரிய ராப்பூச்சியா வெளிய வரும்.”

“உயிர் இருக்கா?”

அவள் மெல்லத் தொட்டாள். வால்நுனி வெடுக்கென்று அசைந்தது. அவர் பதறிப்போய் அதை டப்பாவில் இறக்கினார். பிறகு மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினார்.

“மொத்தம் அஞ்சுதானே? சரியா எண்ணினீங்களா?”

அவளுக்கும் இப்போது அதே சந்தேகம். மறுபடி மண்டியிட்டாள்.