ஆணியா, மொட்டையா?

"பிரேக்கைப் போடுடா!" என்று கத்தினார் ஏலிஸ்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும் அண்ணே," என்று சொல்லி ரெய்யோ வேகத்தைக் கூட்டினான்.

உறைந்த ஏரியின் மேல் கார் பறந்தது. எதிரே பனியில் ஒரு சிவப்புக் காபி பிளாஸ்க் நின்றது. அதற்குப் பின்னால் கரை, கரைமேல் ஏலிஸின் வீடு. சொந்த வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டு சொந்தச் சமையலறைக்குள் காரில் நுழையப்போகும் முதல் மனிதர் தாம்தான் என்று ஏலிஸ் முடிவு கட்டிவிட்டார். கட்டுப் போட்ட இடது காலால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

ரெய்யோவும் மிதித்தான்.

கர்ர்ர்ரக்!

டயரில் பதித்திருந்த இரும்பு ஆணிகள் ஐஸைப் பிறாண்டின. பனித்தூள் கண்ணாடியை மறைத்தது. அது அடங்கியபோது பிளாஸ்க் அப்படியே நின்றது. அதற்கும் காருக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

"பாத்தீங்களா? ஆணின்னா ஆணிதான்!"

வெளியிலிருந்து கதவு திறந்தது. என்சியோவின் தலை உள்ளே நுழைந்தது. "இறங்குங்க அண்ணே. பாத்திரக்கடை உருண்டு வர்ற மாதிரி வந்து நிக்கிறான். இப்ப நம்ம வண்டியில ஏறுங்க. தூக்கமே வரும்."

"வரும் வரும். சத்தமில்லாம போவான், சத்தமில்லாம பள்ளத்துல இறங்குவான்," என்றான் ரெய்யோ.

"உன் தங்கச்சியக் கட்டிக்கிட்டதே பெரிய பள்ளம் மச்சான். இதுக்கு மேல என்ன இறங்கறது?"

ஹியத்தவாரா கிராமத்தில் இருப்பது இரண்டே கட்சி. ஆணி டயர் கட்சிக்கு ரெய்யோ தலைவன். ஆணி இல்லாத, ரப்பரின் பிடிப்பையே நம்பும் குளிர்கால டயர் கட்சிக்கு என்சியோ. எதிரணி வைத்த பெயர் மொட்டைக் கட்சி. கார் வைத்திருப்பவர்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். புருஷன் ஆணி, பெண்டாட்டி மொட்டை என்று இரண்டு வீட்டில் தனித்தனி வாசலே இருந்தது.

சண்டை நர்ஸ் சைமியின் காருக்காக. கார் நகராட்சியுடையது. அதற்கு டயர் வாங்கித் தருவது ஊரின் பொறுப்பு. முதல் பனி விழுந்தும் ஊர் முடிவெடுக்கவில்லை. அக்டோபர் போய் டிசம்பர் வந்தது. நகராட்சி பொறுமை இழந்தது. இன்று மதியம் ரித்வா என்ற அதிகாரி நேரில் வருகிறாள். குளிர்கால டயர் இல்லாவிட்டால் காரும் போகும், நர்ஸும் போவாள்.

நர்ஸ் போனால் ஏலிஸும் போக வேண்டியதுதான். ஆறாத புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேறு ஆள் கிடையாது. நகரத்து முதியோர் இல்லத்தில் அவருக்குக் கட்டில்கூடப் போட்டாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியுமாம். ஏரியைத் தவிர எதையும் பார்த்து எழுந்திராத மனிதருக்கு!

அந்த ஏலிஸ் கையில்தான் கடைசி ஓட்டு. ஊரில் கார் இல்லாத ஒரே ஆள் அவர்தான். ஆகவே பாரபட்சம் இல்லாதவர் என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டிருந்தன. அவர் முடிவுக்காகத்தான் இந்த பிரேக் போட்டி.

என்சியோவின் காரில் ஏலிஸ் ஏறும்போது சைமி வந்து சேர்ந்தாள், வழக்கம்போல உதைவண்டியில். இரண்டு நீளமான இரும்புப் பட்டை மேல் ஒரு நாற்காலி. பின்னால் நின்று காலால் உதைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். நாற்காலியில் மருந்துப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் வேணாம்னு காலையிலேயே சொன்னேன்ல?" அவள் முகம் வெளுத்திருந்தது. "நடு ஏரிக்குப் போங்களேன்!"

"நீ ஊசி போடுற வேலையப் பாரு சைமி. கரை ஓரந்தான் ஐஸ் கெட்டி, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," என்றான் ரெய்யோ.

சைமி காலடிப் பனியைப் பார்த்தபடி உதைவண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

என்சியோ ஓட்டினான். ஏலிஸ் மறுபடி சாகத் தயாரானார். கார் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சோடு நின்றது. இறங்கிப் பார்த்தார்கள். அதே இடம். அதே பூனை அளவு இடைவெளி.

"அண்ணே, ஓட்டு!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

"எதையாவது மாட்டித் தொலைங்கடா!"

"எதையாவதா?" ரெய்யோவின் குரல் உடைந்தது.

"எதையாவதுன்னா சொன்னீங்க?" முதல்முறையாக மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டான் என்சியோ. "மனசாரச் சொல்லணும் அண்ணே. வேண்டாவெறுப்பா போட்ட ஓட்டு செல்லாது."

"சரி, மொட்டை!"

"அவன் மீன் அடைச்ச ரொட்டி கொடுத்து உங்கள மயக்கிட்டான்," என்றான் ரெய்யோ.

"நீயும் கொடுத்தியே?"

"கொடுத்தேன். அவன் கொடுத்தத விடப் பெருசா கொடுத்தேன். அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

கரையில் ஒரு கார் வந்து நின்றது. ரித்வா இறங்கினாள். மச்சான்கள் இருவரும் ஓடிப்போய், வணக்கம்கூடச் சொல்லாமல், மண்டி போட்டு அவள் கார் டயரைப் பார்த்தார்கள். ரெய்யோவின் முகம் மலர்ந்தது. என்சியோவின் முகம் வாடியது.

"நர்ஸ் காருக்கு டயர் மாட்டியாச்சா?" என்று கேட்டாள் ரித்வா.

"முடிவு நெருங்கிருச்சு மேடம்," என்றான் ரெய்யோ.

ஏலிஸுக்கு முதியோர் இல்லத்து ஜன்னல் கண்ணில் தெரிந்தது. "ஆணி!" என்று அலறினார். "மனசார, வயிறார, உயிரார, ஆணி! போதுமாடா?"

என்சியோ தொப்பியைக் கழற்றினான். தோல்வியை ஆண்மகனாக ஏற்றுக்கொண்டான். அவனே போய், கரையில் நின்ற ரெய்யோவின் இழுவண்டியிலிருந்து நான்கு ஆணி டயர்களையும் உருட்டிக்கொண்டு வந்தான்.

"காரைக் கொண்டாங்க," என்றாள் ரித்வா.

"மச்சான், உன் கொட்டகையிலேருந்து எடுத்துட்டு வா," என்றான் ரெய்யோ.

"என் கொட்டகையா? ரெண்டு மாசமா உன் ஷெட்டுலதான நிக்குது?"

எல்லோரும் சைமியைப் பார்த்தார்கள்.

சைமி ஏலிஸ் பக்கம் திரும்பினாள். "நான் என்னிக்காவது கட்டு மாத்த வராம இருந்திருக்கேனா?"

"இல்லம்மா. ஒரு நாள்கூட இல்ல."

"எதுல வந்தேன்?"

ஏலிஸ் யோசித்தார். அவர் பார்வை மெதுவாக உதைவண்டியின் மேல் போய் நின்றது. "இதுலயா? தினமுமா?"

"தினமும்தான். யாரும் கேக்கல. எல்லாரும் டயரப் பத்தியே பேசிட்டிருந்தீங்க."

ரித்வா உதைவண்டியைச் சுற்றி வந்தாள். மருந்துப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஓட்டும்மா. அந்த பிளாஸ்க் வரைக்கும்."

சைமி உதைத்தாள். வண்டி பறந்தது. ஏலிஸ் கண்ணை மூடிக்கொண்டார். சைமி குதிகாலைப் பனியில் ஊன்றினாள். வண்டி நின்றது. பூனைக்குப் பதில் ஒரு பூனைக்குட்டிதான் படுக்கலாம்.

"வசந்தம் வரைக்கும் இதுவே ஓடட்டும்," என்றாள் ரித்வா எழுந்தபடி. "நான் பாத்துக்கறேன். பெரியவரு எங்கயும் போக வேண்டாம். கட்டிலத் திருப்பி எடுத்துக்கச் சொல்றேன்."

ஏலிஸ் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். காபி வேண்டும்போல் இருந்தது. பிளாஸ்க்கைத் திறந்தார்.

"எல்லாம் சரிம்மா," என்றாள் ரித்வா. "ஆனா நகராட்சிக் கார் எங்க?"

சைமி கையுறையைக் கழற்றினாள். மண்டியிட்டு, இரண்டு கார்களும் பிரேக் போட்டு நின்ற இடத்தில் மிச்சமிருந்த பனியைத் துடைத்தாள்.

"சாலை முதல் தடவை உறைஞ்ச அன்னிக்கு, ஏலிஸ் வீட்டுச் சரிவுல நிறுத்திட்டு உள்ள போய்க் கட்டு மாத்தினேன். திரும்பி வந்தா, வண்டி தானாவே சறுக்கிப் படகுத்துறைக்கு வந்திருந்துச்சு. துறையோட நிக்கல, தண்ணியில தலைகீழாக் கவுந்துடுச்சு. சொன்னா இவரத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. அதான் சொல்லல. அடுத்த வாரம் ஏரி மூடிக்கிச்சு."

எல்லோரும் குனிந்தார்கள். ஐஸ் கண்ணாடி போல் இருந்தது. அதற்கு ஒரு கை ஆழத்துக்குக் கீழே, கார் மல்லாந்து கிடந்தது. நான்கு சக்கரமும் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி. நான்கும் கோடை டயர்.

ரெய்யோ நீண்ட நேரம் பார்த்தான்.

"ஐஸ வெட்டினா, இங்கேருந்தே மாட்டிடலாம் மச்சான்."

"எத?" என்றான் என்சியோ. "ஆணியா, மொட்டையா?"