விளிம்பில் இருந்த பெயர்

ஏலக் கடையின் மாடியில் பழைய பதக்கங்களுக்கு மதிப்புச் சொல்பவளுக்கு ஓரக்கண் என்று பட்டப்பெயர். பார்வையில் கோளாறு ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் பதக்கத்தில் ராஜாவின் முகத்தைப் பார்ப்பார்கள்; அவள் எடுத்த எடுப்பிலேயே விளிம்பைப் பார்ப்பாள். பிரிட்டிஷ் படைப் பதக்கங்களில் பலவற்றில் அங்கேதான் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் பொறிக்கும் கில்லாடிகளும் அந்த விளிம்பில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. லென்ஸுக்குக் கீழே பெயர் பெரிதாகித் தெரிந்தால் மனசு அதுபாட்டுக்குக் கிளம்பிவிடும். இவன் சீட்டி அடிக்கிறவனாக இருந்திருப்பான், இவனுக்குப் பூட்ஸ் கடித்திருக்கும் என்று என்னென்னவோ தோன்றும். முதலாளி கீழேயிருந்து குரல் கொடுத்தால்தான் பூமிக்கு வருவாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், அக்காவும் தம்பியுமாக இருவர் படியேறி வந்தார்கள். தம்பி தையல்காரர், எழுபதைத் தாண்டியவர். அக்கா எண்பதை நெருங்கியவள், வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"இது அசலா டூப்பான்னு சொல்லும்மா. எங்க அப்பா பெட்டியில கிடந்துது," என்றாள் அக்கா. "இவன் பிறந்தப்போ இவன் பேரைப் பொறிச்சு வாங்கிட்டு வந்தாராம். தொட்டில்ல கிடந்த பயலுக்குப் பதக்கமான்னு ஊரே சிரிச்சுது."

"போதும்க்கா," என்றார் தையல்காரர். அந்தச் சிரிப்பைக் காலமெல்லாம் கேட்டுச் சலித்துப்போனவர் என்று முகமே சொல்லியது.

ஓரக்கண் பதக்கத்தை வெல்வெட் துணியில் வைத்தாள். ஒரு பக்கம் முடி சூடிய ராஜா. மறுபக்கம் இரண்டு தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். இரண்டாம் உலகப் போருக்காக லட்சக்கணக்கில் கொடுத்த ரகம். விளிம்பைத் திருப்பினாள். கடைச் சீட்டில் தன் பெயரென்று தையல்காரர் எழுதியிருந்த அதே பெயர் அங்கே இருந்தது.

'பொறிச்சு வாங்கினதுதான்' என்று மனசு சட்டென்று முடிவு கட்டியது. அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். "போலிதானே? எழுதிக் கொடுத்து அனுப்பிடு, மழை வலுக்குது."

பேனாவை எடுத்தவள், என்னவோ உறுத்த, மறுபடி லென்ஸை இழுத்தாள்.

கையால் செதுக்கினால் எழுத்தின் கரை கீறலாக இருக்கும். இங்கே கீறலே இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் அச்சு ஒன்று உள்ளே அமுக்கியிருந்தது. எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் ஒரே அச்சு, ஒரே ஆழம். தடிமன் பார்க்கும் கருவியை வைத்து விளிம்பைச் சுற்றி வந்தாள். எங்கேயும் மெலிந்திருக்கவில்லை, சுரண்டியிருந்தால் மெலிந்திருக்கும். எழுத்துகளின் குழிக்குள் இருந்த கறுப்பு, சிங்கத்தின் பிடரிக்குள் இருந்த அதே பழைய கறுப்பு.

"பவுடர் போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு கொண்டு வரலாம்னு பார்த்தேன்," என்றாள் அக்கா.

"நல்லவேளை தேய்க்கலை. இங்க அழுக்குதாம்மா எனக்குச் சாட்சி."

திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். பதக்கத்து நாடா பிற்காலத்து நூலால் நெய்ததாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் நிலவு மாதிரி ஒளிரும். சிவப்பும் நீலமும் வெள்ளையுமான நாடா இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. மேலே ஒரு தையல் மட்டும் பளிச்சென்று மிதந்தது.

"அது நான் போட்டது," என்று தையல்காரர் முணுமுணுத்தார். "தொழில் கத்துக்கிட்ட புதுசுல. நாடா பிஞ்சிருந்துது."

அந்த ஊதா இருட்டில் மூன்று பேரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மழைச் சத்தம் எங்கேயோ மேலே கேட்டது. ஓரக்கண்ணுக்கு அந்தப் பெயர்க்காரன் தெரிந்தான். முகம் இல்லை, நடை மட்டும். ஈரப் புல்லில், அவசரமே இல்லாத நடை.

திரையை விலக்கினாள்.

"ஐயா, இது அசல். பேரும் அசல். போர் முடிஞ்சப்புறம் அரசாங்கமே அச்சுக் குத்திக் கொடுத்தது. உங்களுக்காகப் பொறிச்சதில்லை. உங்களுக்கு முன்னாடி இதே பேர்ல ஒரு சிப்பாய் இருந்திருக்கார்."

எண்ணையும் படைப்பிரிவையும் படித்துக் காட்டினாள்.

"அது அப்பாவோட படையாச்சே!" என்றாள் அக்கா. 

தம்பியின் பக்கம் திரும்பி மெல்ல ஆரம்பித்தாள். "அப்பா தன்னோட பதக்கத்தை வாங்கவே போகலைடா. எனக்கு வேண்டாம்னுட்டார். ஆனா வெள்ளைப் புடவையில ஒரு அம்மா வருவாங்க, ஞாபகம் இருக்கா? உனக்கு எங்கே இருக்கும், கைக்குழந்தை. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. உன்னை மடியில போட்டுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாங்க. நாங்க எல்லாரும் பேர் சொல்லி உன்னைக் கொஞ்சுவோம். அவங்க மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. புருஷன் பேராச்சே, எப்படிச் சொல்வாங்க? இதை அவங்கதான் கொடுத்திருக்கணும்."

"அவங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டாள் ஓரக்கண்.

"இல்லைம்மா. தனிக்கட்டை. அப்புறம் வரலை. போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு அப்பா ஒரு நாள் சொன்னார்."

தையல்காரர் பதக்கத்தை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினார். துணியின் ரகம் பார்க்கிற விரல். பிறகு தன் பெயரைத் தானே மெதுவாகச் சொன்னார். வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டையை எடுத்துப் போட்டு, தோள் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது போல இருந்தது.

"சந்தையில இதுக்குப் பெரிய மதிப்பு இல்லைங்க," என்றாள் ஓரக்கண். அதைச் சொல்வது அவள் வேலை. "நிறையக் கொடுத்த ரகம். ஆனா பேரோட, நாடாவோட, யாரும் கை வைக்காம இருக்கு. சேகரிக்கிறவங்க விரும்பி எடுப்பாங்க. ஏலத்துல போடட்டுமா?"

"போடத்தானே வந்தோம்," என்று தம்பியைப் பார்த்தாள் அக்கா.

"எப்படிக்கா போடறது? நம்மோடதா இருந்தாப் போடலாம்."

"உன் பேர்தானேடா இருக்கு."

"அதான்," என்றார் அவர்.

ஓரக்கண் சான்றிதழில் 'அசல்' என்று எழுதினாள். உடைமையாளர் பெயர், பதக்கம் பெற்றவர் பெயர் என்று அதில் இரண்டு கோடுகள். இரண்டிலும் ஒரே பெயரை எழுதினாள். யாரை முதலில் எழுதுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அக்கா முன்னால் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, "ஏய், வழுக்கும், பார்த்து வா," என்றவள், கூடவே அவர் பெயரையும் சொன்னாள். இத்தனை வருஷம் அதட்டிக் கூப்பிட்ட பெயர். அன்றைக்கு அதைக் கொஞ்சம் தணிந்த குரலில், மரியாதையாகச் சொன்னாள்.

"வரேன்," என்றார் தையல்காரர்.