தாங்குகயிற்றுப் பாட்டு

முதல் அடியில் முனிவேலின் உதடு கிழிந்தது. அடுத்த அடியில் பல் ஒன்று கழன்று ரத்தத்தோடு ஜல்லியில் விழுந்தது. திம்மராயன் அவன் மயிரைப் பிடித்துத் தூக்கிப் பாறையில் சாய்த்து, கடப்பாரையைத் தொண்டைக்குக் குறுக்கே வைத்து அழுத்தினான்.

“பாடுறா. அன்னிக்குப் பாடுன மாதிரியே பாடு. எந்த வரியில எங்கண்ணனக் கொன்னியோ, அந்த வரியக் காட்டு எனக்கு.”

கிருஷ்ணகிரி அணைக்குக் கல் வெட்டும் பாறை அது. உளிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மேஸ்திரி கௌஸ் மொய்தீன் ஓடிவந்து, கடப்பாரை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டார்.

“உட்டுர்றா திம்மா. கொலைக் கேசாயிடும்.”

“கல்லு உருண்டப்ப எந்தக் கேசும் வல்லியே பாய்? இப்ப மட்டும் வந்துடுமா?”

திம்மராயனின் அண்ணன் பெருமாளின் பெண்சாதி காவேரி தாலி இறங்கிய கழுத்தோடு இன்றுதான் மறுபடி ஜல்லி சுமக்க வந்திருந்தாள். அவள் தலைக்குக் கூடையைத் தூக்கிவிட முனிவேல் கை நீட்டினான். அதைப் பார்த்ததும்தான் திம்மராயனுக்கு வெறி ஏறியது. அண்ணனைத் தின்றுவிட்டு அண்ணிக்குக் கூடை தூக்குகிறானாம்.

வெட்டிய கல்லைச் சரிவில் இறக்குவது பாட்டை நம்பித்தான். மேலே பத்துப் பதினைந்து ஆட்கள், கல்லில் கட்டிய தாங்குகயிற்றைப் பிடித்திருப்பார்கள். முனிவேல் உயரத்தில் நின்று வரி எடுப்பான். வரி ஓடும்வரை கயிறு அசையக் கூடாது. ‘ஐலசா’ என்று எல்லோரும் சொல்லும்போது ஒரு சாண் விட வேண்டும். அலுப்புத் தெரியாமலிருக்க அவன் ஆட்களையே கேலியாக வரியில் கட்டுவான். அன்றைக்குக் கீழே நின்று, கல்லுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தவன் பெருமாள். கயிறு நழுவி, உருண்ட கல் நின்றபோது இடுப்புக்கு மேலே மட்டும்தான் அவனை அடையாளம் தெரிந்தது.

முனிவேல் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஆரம்பித்தான்.

“மலைய எறக்குறோம் மெல்ல மெல்ல...”

வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர், தம்மை அறியாமல், “ஐலசா” என்றார்கள்.

“இதுல ஒண்ணுமில்ல. இதுல கயிறு கல்லு மாதிரி நின்னுச்சு. அடுத்தது.”

“வேடியப்ப சாமி நீயும் வந்து கயிறப் புடி...”

“இதுலயும் இல்ல. இதுல சாண் கயிறு சரியாப் போச்சு. பாடு.”

“கல்லப் பொரட்டுவான் பெருமாளு...” முனிவேலின் குரல் தழைந்தது. “களிக்கு உப்பு கேக்க மாட்டான் பெருமாளு...”

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்துவிட்டு, பயந்துபோய் இருமினார்கள்.

“இதுதான்! இந்த வரியிலதான் சிரிச்சீங்க. சிரிச்ச கை எங்கடா கயிறு புடிக்கும்? சாவு வரியக் கட்டுன நாயே!”

சொல்லும்போதே திம்மராயனின் கன்னம் கோணியது. பெருமாள் அப்படித்தான். ஆறு ஆள் அசைக்காத கல்லை ஒற்றையாளாக நெம்புவான். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டான். அன்று காலை அந்தச் சப்பென்ற களியை உருட்டி உருட்டி விழுங்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்து போன தோரணை இருக்கிறதே! அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. திம்மராயன் பல்லைக் கடித்தான்.

காவேரி கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“முனிவேலு, அந்தக் கடேசி வரிய இன்னொருக்கா சொல்லு.”

“வேணாங்க்கா.”

“சொல்லுடா.”

அவன் பாடவில்லை. வரியை வெறுமனே சொல்லி முடித்ததும் காவேரி பேசினாள்.

“அன்னிக்கு நான் உப்புப் போட மறந்துட்டேன். அண்ணந்தம்பி ரெண்டும் தின்னுட்டு வேலைக்குப் போனப்புறம், நான் வாயில வெச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. யார்கிட்டயும் மூச்சு உடல. அந்த மனுசனும் ஊட்டு விசயத்த வெளியில சொல்ற ஆளில்ல.” அவள் குரல் உயரவே இல்லை. “எங்கூட்டுக் களியில உப்பு இல்லன்னு உனக்கு எவன் சொன்னது?”

பீடி பற்றவைத்துக்கொண்டு மேடேறியது திம்மராயனுக்கு நினைவு வந்தது. ‘இத வெச்சுக் கட்டுறா முனிவேலு, அவன் மூஞ்சியப் பாக்கணும்.’ வரி காதில் விழுமுன்பே, கயிற்றின் முன்வரிசையில், முதலில் வெடித்த தன் சிரிப்பும் நினைவு வந்தது. உள்ளங்கையில் கயிறு நழுவி ஓடிய சூட்டையும் சேர்த்து, சாராயம் குடித்துக் குடித்து அதை அமுக்கி வைத்திருந்தான்.

முனிவேல் அவனைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

“அக்கா, அது வந்து...”

“பேடா, திம்மண்ணா, வேணாம், பேடா!” என்று கூட்டத்திலிருந்த கன்னடத்து ஆள் ஒருவன் அலறிக்கொண்டு பாய்வதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. முனிவேலின் தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. பேச்சு வரவில்லை. கொப்புளித்துக்கொண்டு ரத்தம்தான் வந்தது. நாலைந்து பேர் அவனைத் தாங்கிப் படுக்கவைத்தார்கள். மேஸ்திரி வண்டி வண்டி என்று கத்திக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்.

காவேரி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. திம்மராயன் கடப்பாரையைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன; அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவள் நெருங்கிவந்து, அந்தக் கைகளைப் பிடித்து, விலக்க இழுத்தாள்.