அரை டாலரில் ஒரு செனட்டர்

தெருவில் தகரத் தொட்டிகள் தடதடவென்று உருண்டன. உள்ளே, சிற்பக்கூடத்தில் உதவியாளன் நுன்சியோவின் கையிலிருந்த பிளாஸ்டர் வாளி நழுவி விழுந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். குப்பைத் தொட்டிகளை இடித்துத் தள்ளிவிட்டு நீளமான கறுப்புக் கார் ஒன்று வாசலில் நின்றது.

"மேடம், உங்க செனட்டர் வந்துட்டாரு. நாளைக்குன்னுதானே சொன்னாரு?"

"ஓட்டுப் போட்டவங்களுக்குச் சொன்னதையே அவர் செய்யல, நமக்குச் சொன்னதையா செய்வாரு?" என்றாள் சிற்பி அடேலா பிராண்ட், கையில் ஒட்டிய களிமண்ணைத் துடைத்தபடி.

மேசையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பிளாஸ்டர் வட்டம் ஒன்று இருந்தது; இந்த அச்சைச் சுருக்கித்தான் காசு அடிப்பார்கள். அதில் செனட்டர் ஹார்லன் டிரெட்வேயின் பக்கவாட்டு முகம். அவருடைய மாநிலத்துக்கு இந்த 1936இல் நூறு வயது. அதற்கான அரை டாலர் நினைவு நாணயத்தில் முதல் குடியேறிகளின் படகு வருவதாகத்தான் இருந்தது. காங்கிரசுக்குள் நுழைந்தபோது படகாக இருந்த மசோதா, வெளியே வரும்போது செனட்டராகிவிட்டது. டாலர் நோட்டில் உயிரோடு இருப்பவர் முகம் கூடாதென்று சட்டம் உண்டு. நாணயத்துக்கு அந்தத் தடை இல்லை.

அடேலாவால் மறுக்க முடியவில்லை. நியூயார்க்கில் பாதிச் சிற்பிகள் இலவச சூப்புக்கு வரிசையில் நிற்கிற காலம். ஆனால் கழுத்துக்குக் கீழே தன் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்குவது சிற்பிகளின் வழக்கம். அதை மட்டும் அவள் செய்யவில்லை. எழுத்து இல்லாதது செனட்டர் கண்ணில் பட்டால் இந்த வேலையும் போய்விடும்.

"போட்டுடுங்க மேடம், ரெண்டே எழுத்து," என்று கெஞ்சினான் நுன்சியோ. "எங்க இத்தாலியில ராஜா உயிரோட இருக்கறப்பவே காசுல இருக்காரு. யாரு கேக்கறா?"

"யாரும் கேக்க முடியலன்னுதானே நீ கப்பலேறி வந்தே?"

செனட்டர் நான்கே படிகளை நின்று நின்று ஏறி வந்தார். நாற்காலியைத் தேடாமல் பக்கத்திலிருந்த மரப்பெட்டியிலேயே உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டார்.

நுன்சியோ அச்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், கழுத்தைப் பெருசாப் பண்ணிட்டீங்க," என்று கிசுகிசுத்தான். அவன் சொன்னது சரிதான். வசந்த காலத்தில் அவள் அளவெடுத்த பருத்த கழுத்து அவருடைய சட்டைக் காலருக்குள் இப்போது இல்லை.

"அது அப்படியே இருக்கட்டும் தம்பி," என்றார் செனட்டர். எழுந்து அச்சின் மேல் குனிந்தார். விரலால் விளிம்பைச் சுற்றி வந்து, கழுத்தின் கீழே நிறுத்தினார்.

"உங்க எழுத்து எங்க, மிஸ் பிராண்ட்?"

நுன்சியோ வாளியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான்.

"போடல, செனட்டர்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. வேணும்னுதான்."

"என் மூஞ்சி அவ்வளவு மோசமா?" அவர் சிரித்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. மனுஷன் உயிரோட இருக்காரே, அதான் பிரச்சினை. செத்தவங்க கணக்கு முடிஞ்சுபோச்சு. நல்லவரா கெட்டவரான்னு ஊர் பேசி முடிச்சிருக்கும். நீங்க நாளைக்கே லஞ்சம் வாங்கலாம், ஒரு யுத்தத்துக்கு ஓட்டுப் போடலாம். அப்புறம் ஒவ்வொரு வீட்டு மேசை டிராயரிலயும் போய் இந்தக் காசைத் திருப்பி வாங்க முடியுமா? அதுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட என்னால ஆகாது. வேற ஆளைப் பாக்கறதுன்னா பாத்துக்குங்க."

செனட்டர் கோபப்படவில்லை. தளர்ந்த காலருக்குள் விரலை விட்டு ஒருமுறை சுற்றினார். மேசையில் கிடந்த சிறிய உளியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"தைரியமாப் போடுங்கம்மா. கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே தப்புப் பண்ண எனக்கு நேரமில்ல."